இருக்கம் தீவுப் படகை எந்தத் துறையில் கட்டுவது?

மச்சான் போன வாரம் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டார். "மாப்ள, படகு முடிவாயிடுச்சு. இருபத்தெட்டு அடி ஃபைபர். நாலு பங்கு. எங்க கட்டறதுன்னுதான் இப்ப சண்டை" என்றார்.

நாலு பங்காளிக்கும் நாலு துறை. வீட்டு வாசலிலேயே கட்டலாம் என்கிறார் ஒருவர். இன்னொருவருக்கு ஆரம்பாக்கம் பக்கம்தான் வேண்டும். மகளைக் கொடுத்த இடம் அங்கே. மூன்றாமவர் பீமுனிவாரிபாளையத்துப் படகுத்துறையை விட மாட்டேன் என்கிறார். நான்காமவருக்குக் கடல் ஆசை, அதனால் பழவேற்காடு. நான் தீவில் பிறந்து, இப்போது கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலையில் இருப்பவன். பங்கு போடாத ஆள் என்பதால் என்னைப் பஞ்சாயத்துக்கு இழுத்துவிட்டார்கள். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதிவிடுகிறேன், ஏரிக்கரையில் படகு வாங்க நினைக்கும் வேறு யாருக்காவதும் உதவட்டும்.

இடம் தெரியாதவர்களுக்கு: பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தீவு இது. இருக்கம், இரக்கம் என்று எழுதுபவரைப் பொறுத்துப் பெயர் மாறும். தடா மண்டலம், முன்பு நெல்லூர் மாவட்டம், 2022இல் இருந்து திருப்பதி மாவட்டம். ரேஷன் கார்டு ஆந்திராவுடையது, வீட்டில் பேசுவது தமிழ். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா, அதைத் தாண்டினால் வங்கக்கடல். மேற்கே தமிழ்நாட்டின் கடைசி ரயில் நிலையமான ஆரம்பாக்கம், அதற்கு அடுத்து ஆந்திராவின் முதல் நிலையமான தடா. எங்கே போவதானாலும் முதலில் படகு.

துறைமுகம் என்று யாராவது சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். நாலு சவுக்கு முளை, ஒரு கயிறு, சேற்றில் கால் புதையாமல் இறங்க ஒரு திட்டு. அவ்வளவுதான் துறை. ஆனாலும் எந்தத் திட்டில் முளை அடிக்கிறோம் என்பதில் வருடத்து வருமானமே அடங்கியிருக்கிறது.

முதலில் தண்ணீரைப் பேசுவோம், ஏனென்றால் சண்டையில் யாரும் அதைப் பேசவில்லை.

கடலில் ஓதம் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஏற்றம், அஷ்டமியை ஒட்டிச் சின்ன ஏற்றம். சென்னைக் கடலில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். இப்போது இதெல்லாம் செல்போனிலேயே வந்துவிடுகிறது. பங்காளிகளில் இளையவர் அதைப் பார்த்துத்தான் பேசுகிறார். என் பெரியப்பா அதற்கு ஒரே கேள்வி கேட்டார்: "செல்லுல தண்ணி ஏறும்னு போட்டுருக்கு, சரி. அதை ஏரிக்கு யாரு போய்ச் சொல்றது?"

பெரியப்பா சொன்னது சரி. செல்போனில் இருப்பது கடலின் கணக்கு. கடல் தண்ணீர் ஏரிக்குள் வர முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். தெற்கே பழவேற்காட்டில் ஒன்று, வடக்கே ராயதொருவுப் பக்கம் ஒன்று. மழை வடிந்து ஆற்றுத் தண்ணீர் நின்றதும் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கத் தொடங்கும். திறந்திருக்கும் காலத்திலும் குறுகிய வாய் வழியாக நுழைந்து, சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்கூடத் தாண்டாத ஏரியில் பல கிலோமீட்டர் தவழ்ந்து வருவதற்குள் ஓதத்தின் மூச்சு நின்றுவிடும். வாய்க்குப் பக்கத்தில் முழங்கால் அளவு ஏறினால் எங்கள் தீவில் விரற்கடை அளவுதான் தெரியும், அதுவும் சில மணி நேரம் பிந்தி.

தீவில் தண்ணீரைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றும் மழையும்தான். வாடை நாலு நாள் விடாமல் அடித்தால் தண்ணீரைத் தென்மேற்கே தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தும். காற்று மாறினால் அது திரும்பும். ஐப்பசி, கார்த்திகையில் காளங்கியும் சுவர்ணமுகியும் ஆரணியும் கொண்டுவந்து கொட்டும்போது ஏரி கண்ணுக்கு எட்டாமல் விரியும். 450 சதுர கிலோமீட்டர் என்று புத்தகத்தில் படிப்பது அந்த நிறைந்த ஏரியை வைத்துச் சொல்வது. சித்திரையில் வந்து பார்த்தால் அதே ஏரி கரையை விட்டு எழுந்து உள்ளே போய் உட்கார்ந்திருக்கும். சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியின் குறுக்கே போட்ட சாலைக்கு வடக்கே பல இடங்களில் வெறும் வெடித்த மண்.

ஆழம் பார்க்க எங்களுக்குக் கருவி வேண்டாம். பூநாரை நின்றுகொண்டிருக்கும் இடத்தில் படகு போகாது. கூழைக்கடா மிதக்கும் இடத்தில் போகலாமா என்றால், அதை மட்டும் நம்பாதீர்கள். அது எதிலும் மிதக்கும்.

இதில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வம்பு இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி நிற்கும். சந்தையில் மீன் குறையும். ஏரி இறாலுக்கும் நண்டுக்கும் வியாபாரி தானாகத் தேடிக்கொண்டு வருவது அப்போதுதான். அதாவது விலை ஏறுகிற அதே இரண்டு மாதத்தில் எங்கள் தண்ணீர் இறங்கிவிடுகிறது. கார்த்திகையில் எல்லாத் துறையும் நல்ல துறைதான். வைகாசியில் எது துறையாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் நாலையும் பார்க்க வேண்டும்.

ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எங்கள் சனத்தில் பாதிப் பேருக்கு மனசு அங்கேதான். காரணமும் இருக்கிறது. கரையேறிக் கொஞ்ச தூரம் போனால் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை. எங்களுக்கு இன்னும் அது ஜிஎன்டி ரோடுதான். ரயில் இருக்கிறது. தமிழில் பேசித் தமிழில் விலை கேட்கலாம். உடம்புக்கு முடியவில்லை என்றால் கும்மிடிப்பூண்டி பெரிய தூரம் இல்லை. கூடை இறங்கியதும் ஏற்றிக்கொள்ள வண்டி நிற்கும். வருடத்தில் ஏழெட்டு மாதம் இதற்கு ஈடான துறை கிடையாது.

மீதி நாலைந்து மாதம்தான் வேதனை. மேற்குக் கரை சரிவே இல்லாத கரை. தண்ணீர் அரை அடி இறங்கினால் கரை பல நூறு அடி தள்ளிப்போகும். படகை உள்ளேயே நிறுத்திவிட்டு, கூடையைத் தலையில் வைத்துச் சேற்றில் நடக்க வேண்டும். நான் பத்தாவது படிக்கும்போது கோடை விடுமுறையில் அப்படி நடந்திருக்கிறேன். சேறு கணுக்காலில் ஆரம்பித்து முழங்காலுக்கு வரும். கீழே கிடக்கும் சிப்பி பாதத்தைக் கிழிக்கும். வெயிலில் அந்த நடை நடந்து முடிவதற்குள் ஐஸ் உருகி, இறாலின் தலை கறுக்கத் தொடங்கிவிடும். தலை கறுத்த இறாலுக்கு வியாபாரி சொல்லும் விலையைக் கேட்டால் அதை ஏரியிலேயே விட்டிருக்கலாம் என்று தோன்றும். நண்டு பிடிப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. சேற்று நண்டை உயிரோடு கட்டி, ஈரச் சாக்கில் போட்டால் ஐஸே வேண்டாம், நாள் கணக்கில் தாங்கும். அதனால் மகள் வீட்டுக்காரரான பங்காளியிடம் நான் கேட்டது: நீங்கள் பிடிக்கப்போவது இறாலா, நண்டா? அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

வாடைக் காலத்தில் இன்னொரு சிக்கல். வடகிழக்குக் காற்று ஏரியின் முழு அகலத்தையும் கடந்து வந்து அந்தக் கரையில்தான் மோதும். இரவெல்லாம் படகு முளையில் முட்டிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாமல் அங்கே படகைக் கட்டிவிட்டு வந்து தீவில் தூங்கினால் தூக்கம் வராது.

பீமுனிவாரிபாளையத்தை நாங்கள் பி.வி.பாளையம் என்போம். ஆந்திரா சுற்றுலாப் படகுகள் கிளம்பும் இடம். சூளூர்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடக்கும்போது கூட்டம் அங்கே அலைமோதும். படகுத்துறை இருக்கிறது, கால் நனையாமல் ஏறலாம். ரேஷன், மண்டல அலுவலகம், படகுப் பதிவு என்று எதற்குப் போவதானாலும் ஒரே மாநிலம். ஆத்திர அவசரத்துக்கு நோயாளியையோ பிள்ளைத்தாய்ச்சியையோ கொண்டுபோக அதுதான் சரியான இடம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் மேடை என்பது உட்கார்ந்து போகிறவர்களுக்குக் கட்டியது. ஐம்பது கிலோ பெட்டியைத் தாழ்ந்த படகிலிருந்து மேடைக்குத் தூக்கிப் பாருங்கள், இடுப்பு சொல்லும். விழா நாட்களில் மீன் படகுக்கு அங்கே இடம் கேட்பதும் கல்யாண வீட்டில் கட்டுமர வலை காயப்போடக் கேட்பது மாதிரி. தவிர, மேடை இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் அதன் அடியிலேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதுவும் அதே சரிவில்லாத மேற்குக் கரைதான். மூன்றாவது பங்காளி கட்டடத்தைப் பார்த்து மயங்கிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பழவேற்காடு தனிக் கதை. அங்கே தண்ணீருக்கு உயிர் இருக்கிறது. முகத்துவாரம் பக்கம் என்பதால் ஓதம் ஏறுவதும் வடிவதும் கண்ணுக்குத் தெரியும். வாய் திறந்திருந்தால் சித்திரையிலும் படகு ஓடும். மீன் இறங்குதளம், ஏலம், ஐஸ், வலைக்கடை, என்ஜின் மெக்கானிக் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்த ஊர் சும்மாவா? அவர்களுடைய பெரிய கப்பல்களும் வெளியே கடலில்தான் நங்கூரம் போட்டன, மணல் திட்டு அப்போதே அப்படித்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

அந்த மணல் திட்டுதான் கடல் ஆசைக்காரருக்கு என் முதல் எச்சரிக்கை. வடியும் தண்ணீர் வெளியே பாய, அலை உள்ளே வர, இரண்டும் திட்டின் மேல் மோதும் நேரத்தில் இருபத்தெட்டு அடிப் படகு ஒரு தேங்காய் மட்டை. அந்த வாயில் பிறந்து வளர்ந்தவர்களே எந்த நிமிடம் முடுக்குவது, எந்த அலையை விடுவது என்று பார்த்துத்தான் தாண்டுகிறார்கள். வாய் அடைபடாமல் இருக்க, 26.85 கோடி ரூபாயில் கல் சுவர் கட்டும் வேலையைத் தமிழ்நாடு அரசு எடுத்தது. அது வாயை அகலமாக வைத்திருக்கலாம். புதியவருக்கு அலையைப் படிக்கக் கற்றுக்கொடுக்காது. 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே சுற்றுலா போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அளவுக்கு மேல் ஆள், உயிர்காப்பு உடுப்பு இல்லை. அதற்குப் பிறகும் எங்கள் படகுகளில் அந்த ஆரஞ்சு உடுப்பு உட்காரும் மெத்தையாகத்தான் கிடக்கிறது. படகு வாங்கும் பணத்தோடு நாலு நல்ல உடுப்பும் சேர்த்து வாங்குங்கள் என்று மச்சானிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன்.

இரண்டாவது எச்சரிக்கை, பாடு. தெற்கு ஏரியில் எந்தக் குப்பம், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்பது இந்தப் பாடு முறைப்படி முறை வைத்து வருவது. சட்டப் புத்தகத்தைவிட அழுத்தமான ஏற்பாடு. வடக்கிலிருந்து வந்து படகைக் கட்டி, மீனை ஏலத்தில் போட்டுவிட்டுப் போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அங்கேயே சுத்து வலை இறக்கினால் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். அதோடு ஏரியின் நடுவே மாநில எல்லை என்று ஒன்று இருக்கிறது. தண்ணீரில் கோடு தெரியாது, சண்டை வரும்போது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ராக்கெட் விடும் நாட்களில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு வேறு. எங்கள் தீவிலிருந்து பழவேற்காடு வரை டீசல் எரித்துப் போய், அன்றைக்கு வாய் மூடியிருந்தாலோ, ராக்கெட் நாளாக இருந்தாலோ, திரும்பி வருவதைத் தவிர வேறு வேலை இல்லை. கடலை நம்பிக் குடும்பத்தோடு அங்கேயே குடிபோகிறவருக்குப் பழவேற்காடு. தீவில் அடுப்பு எரிகிறவருக்கு இல்லை.

மிச்சம் இருப்பது வீட்டுத் துறை. இதைச் சொன்ன பங்காளியைச் சோம்பேறி என்று மற்ற மூன்று பேரும் கிண்டல் செய்தார்கள். எனக்கு அவர் சொன்னதில்தான் சரக்கு இருப்பதாகத் தோன்றுகிறது. தீவின் மேற்குப் பக்கம் முளை அடித்தால் வாடைக்குத் தீவே மறைப்பு. எதிர்க்கரையில் மோதுகிற அலை இங்கே கிடையாது. இரவில் நாய் குரைத்தால் எழுந்து பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் தம்பியின் பழைய படகு எதிர்க்கரையில் இருந்தது. புயலுக்கு முதல் நாள் போய் இழுத்து வரலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். காற்று அடங்கிப் போய்ப் பார்த்தால் கயிறு மட்டும் முளையில் இருந்தது. படகு கருவேலங்காட்டுக்குள் பக்கவாட்டில் கிடந்தது, அடிப்பக்கம் பிளந்து. வீட்டுத் துறையில் இருந்திருந்தால் பத்துப் பேர் சேர்ந்து அரை மணி நேரத்தில் மேட்டில் ஏற்றியிருப்பார்கள்.

வீட்டுத் துறைக்குக் குறை, அங்கே எதுவும் கிடைக்காது. ஐஸ், டீசல், மெக்கானிக் எல்லாம் எதிர்க்கரை. கோடையில் இங்கேயும் தண்ணீர் விலகும். ஆனால் வெறும் படகோடு சேற்றில் நடப்பதற்கும் ஐம்பது கிலோ கூடையோடு நடப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

துறையைப் பேசும்போது என்ஜினை விட முடியாது, ஏனென்றால் பங்காளிகள் வாங்க நினைப்பது படகின் பின்பக்கம் வெளியே மாட்டுகிற அவுட்போர்டு. வேகம், சத்தம் குறைவு, பார்க்கவும் எடுப்பு. ஆனால் அதன் விசிறி தண்ணீருக்குள் நன்றாக இறங்கி நிற்க வேண்டும். குளிர்விக்கவும் ஏரித் தண்ணீரையே உறிஞ்சும். எங்கள் ஏரியில் அது உறிஞ்சுவது பாதி சேறு, பாதி பாசி. உறிஞ்சும் துளை அடைத்தால் சூடேறி நடு ஏரியில் நின்றுவிடும். லாங்டெயில் என்று சொல்கிற நீண்ட தண்டு டீசல் என்ஜின் பேரிரைச்சல் போடும், உடம்பெல்லாம் அதிரும். ஆனால் காற்றில் குளிரும் வகை வாங்கினால் சேறு அதை ஒன்றும் செய்யாது. தண்ணீர் குறைந்த இடத்தில் தண்டை அமுக்கி விசிறியை மேலே தூக்கிக்கொண்டே ஓட்டலாம். பழவேற்காட்டில் கட்டுவதானால் அவுட்போர்டு, தீவில் கட்டுவதானால் லாங்டெயில். அதோடு ஒரு நல்ல கழியும். என்ஜின் எதுவானாலும் கடைசி நூறு அடிக்குக் கழிதான்.

காகிதம் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் வந்தது, ஆந்திராவில் 1994இல். ஆந்திரா கார்டு வைத்திருப்பவர் படகை ஆந்திராவிலேயே பதிய வேண்டும். ஆரம்பாக்கத்தில் கட்டுகிறோம் என்பதற்காக அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் பெயரில் பதிந்தால், படகு அவருடையது, பிறகு அழக்கூடாது. தடைக்கால நிவாரணம் ஆந்திராவில் 2025இல் 20,000 ரூபாயாக ஆனது, தமிழ்நாட்டில் 8,000. இதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர்கள் அது கடலுக்குப் போகும் படகுக்காரர்களை வைத்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சரி, நான் மச்சானிடம் சொன்னது இது. படகைத் தீவின் மேற்குப் பக்கம் கட்டுங்கள். ஆடி கழிந்து தண்ணீர் ஏறியதும் மாசி வரை சரக்கை ஆரம்பாக்கத்தில் இறக்குங்கள், அந்த விலையை விட வேண்டாம். பங்குனி முதல் ஆனி வரை இறாலை விட்டு நண்டுக்குப் போங்கள்; சேற்றில் நடந்தாலும் நண்டு தாங்கும், தடைக்கால விலையும் கிடைக்கும். பி.வி.பாளையம் ஆத்திர அவசரத்துக்கும் அலுவலக வேலைக்கும். பழவேற்காட்டுக்கு ஆளாளுக்கு ஒரு தடவை பஸ்ஸில் போய், முகத்துவாரத்துக்கு எதிரே ஒரு முழு வற்றம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் பேசுவோம்.

இரண்டு முளை அடித்துவிட்டதாக நேற்று போட்டோ அனுப்பியிருந்தார். மேற்குப் பக்கம்தான். என்ஜின் மட்டும் அவுட்போர்டே வேண்டும் என்று இளைய பங்காளி ஒற்றைக் காலில் நிற்கிறாராம், பூநாரை மாதிரி.